அண்டா அதிர்ந்தது 57 ஹெர்ட்ஸில்

பெங்களூரில் ஒரு டான்ஸ் கிளப்பில், நான் வீட்டில் உட்கார்ந்து செய்த டிராக் (நடனப் பாட்டு) முதன்முதலாக ஓடியது. பத்து நொடிகூட ஆகியிருக்காது, டிஜே மிக்சரில் அடி ஒலியைக் கூட்டிக் குறைக்கிற 'லோ' குமிழைப் பிடித்து, கடிகார முள் மாதிரி பன்னிரண்டு மணியில் இருந்ததை ஒன்பது மணிக்குத் திருப்பிவிட்டான். என்னோடு கல்லூரியில் படித்தவன். என் மனம் கோணக்கூடாது என்று என் பக்கம் பார்க்காமலே திருப்பினான். நானும் பார்க்காத மாதிரி நின்றேன். அதற்கு முன் ஓடிய டிராக்கில் கிக், அதாவது தாளத்தின் கனத்த டிரம் அடி, நெஞ்சில் வந்து இடித்துவிட்டு உடனே விலகியது. என்னுடையதில் கிக்கும் பேஸும் (அடி ஸ்தாயி ஒலி) குழம்பில் கரைந்த உருளைக்கிழங்கு மாதிரி, எது எதென்று தெரியாமல் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது. இரண்டாவது நிமிடத்தில் வரவேண்டிய நாயன மெட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து செதுக்கியது, பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பது போலக் கேட்டது.

காரைக்குடிக்குத் திரும்பும் ஆம்னி பஸ்ஸில் அதே டிராக்கை ஹெட்ஃபோனில் ஆறு தடவை கேட்டேன். ஆறு தடவையும் அருமையாக இருந்தது. வயிற்றைக் கலக்கியது அதுதான்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. எட்டுப் பங்காளிகளுக்குப் பொது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் எல்லோரும் வருவார்கள். மற்ற நாளில் அப்பத்தாவும் நானும் மட்டும்தான். எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, வந்தது வளவை ஒட்டிய ஓர் அறையும், அதை அடுத்த சாமான் அறையும். பகலில் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். ராத்திரி அதே மேசையில் பாட்டு.

அறை பத்தடிக்குப் பத்தடி, உயரம் பதின்மூன்று அடி. சுவர் கிட்டத்தட்ட இரண்டடி தடிமன். முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த சுண்ணாம்பை இழைத்து இழைத்துப் பூசியது. கன்னத்தை வைத்தால் வழுக்கும், அவ்வளவு வழவழப்பு. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அதுவும் கண்ணாடி மாதிரிதான். கை தட்டினால் 'டிங்' என்று ஒரு வால் நீளும். பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற அறை. பாட்டு மிக்ஸ் செய்ய, அதாவது ஒலிகளை அளவு பார்த்துக் கலக்க, இதைவிடக் கெட்ட அறை வேண்டுமென்றால் தேடித்தான் கட்ட வேண்டும்.

இதில் நான் மேசை போட்டிருந்த இடம் நட்டநடு. காரணம், ஃபேன் கொக்கி அங்கேதான் இருக்கிறது. இந்த ஊர் சித்திரை மாதத்தில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காராமல் வேறு எங்கே உட்காருவது? என் டிராக் கிளப்பில் கெட்டதற்குப் பாதிக் காரணம் அந்தக் கொக்கிதான் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

கணக்கு எளியது. நம் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். 57 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 57 அதிர்வு) அலை ஒன்றின் நீளம் அப்போது இருபது அடி. அதில் சரிபாதி பத்தடி. எதிரெதிர்ச் சுவர்கள் பத்தடி தள்ளி இருந்தால் அந்த அலை இரண்டு சுவருக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும். சுவரோரம் பயங்கரமாக முழங்கும். நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. என் பேஸ்லைனின் அடிச் சுரம் ஏ ஷார்ப். அது 58 ஹெர்ட்ஸ். உட்கார்ந்திருந்த இடத்தில் அது எனக்குக் கேட்கவே இல்லை. கேட்காததால் ஈக்யூவில் (வேண்டிய ஸ்தாயியை மட்டும் கூட்டிக் குறைக்கிற கருவி) ஏற்றினேன். ஒரு டெசிபல், இரண்டு, கடைசியில் ஆறு. அறை எதை மறைக்கிறதோ அதை நாம் அள்ளிப் போட்டுவிடுகிறோம். கிளப்பில் அந்த மறைப்பு கிடையாது. அள்ளிப் போட்டது அத்தனையும் அப்படியே வெளியே வரும்.

இதை நான் புத்தகம் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, ஓர் அண்டா காட்டிக்கொடுத்தது. பெங்களூரிலிருந்து வந்த பிறகு டிராக்கைத் திறந்தால், ஒவ்வொரு கிக்கோடும் 'ங்ஙீ' என்று ஒரு சின்ன இரைச்சல். பாட்டு மென்பொருளில் செருகியிருக்கும் கம்ப்ரஸரா, வேறு பிளக்-இன்னா, ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிட்டதா என்று இரண்டு நாள் தேடினேன். ஹெட்ஃபோனில் அது இல்லை. கடைசியில், 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏறுகிற ஒற்றை நாதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். 57 வந்ததும் சாமான் அறையில் அப்பத்தாவின் சீர்ப் பித்தளை அண்டா, மேலே கவிழ்த்திருந்த தாம்பாளத்தோடு சேர்ந்து பாட ஆரம்பித்தது. எண்பதைத் தாண்டியதும் ஜன்னல் கதவின் கொக்கி. நூற்றுப் பத்தில் முகப்பில் மாட்டியிருக்கும் பெரிய நிலைக்கண்ணாடியின் சட்டம். அப்பத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்தா, மாவு மில்லு ஓடுது வீட்டுக்குள்ள?" என்றார். தாம்பாளத்துக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை மடித்து வைத்தேன். 'ங்ஙீ' போய்விட்டது. ஆனால் அந்த 57 என்ற எண் மண்டையில் ஏறிவிட்டது.

இதை யாரும் செய்யலாம், செலவில்லை. நாதத்தை ஓடவிட்டு, முதலில் உட்காரும் இடத்தில் எந்த எண்ணில் சத்தம் அமுங்குகிறது, எந்த எண்ணில் துள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறை மூலைக்குப் போய்க் கேளுங்கள். அமுங்கிய எண் அங்கே முழங்கும். அதைவிட எளிய வழி, ஒரே அளவு அழுத்தத்தில் பேஸ் சுரங்களை ஒவ்வொரு அரைச்சுரமாக ஏற்றி வாசித்துப் பார்ப்பது. ஒரு சுரம் காணாமல் போனால் அது உங்கள் அறையின் குற்றம், பாட்டின் குற்றம் அல்ல. நான் பிற்பாடு ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும், கடனாக வாங்கிய அளவை மைக்கும் வைத்துப் பார்த்தேன். அது காட்டிய பள்ளமும் அண்டா சொன்ன இடத்தில்தான் இருந்தது.

மேசையை நகர்த்தினேன். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காருங்கள் என்று ஒலிக்கூடம் கட்டுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அது மூன்றடி ஒன்பதரை அங்குலம். வேதவாக்கு இல்லை, அங்கே ஆரம்பித்து முன்னே பின்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். இடவலத்தில் மட்டும் நடுவிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரியோ சாய்ந்துவிடும். ஃபேன் காற்று முதுகில் படுகிறது. பட்டுக்கொண்டு போகட்டும்.

அடுத்தது சுவர். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. முட்டை அட்டை மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். பேஸுக்கு அது இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு எங்கள் சுவருக்குள்ளேயே முட்டை இருக்கிறது. வெளியே வேறு ஒட்ட வேண்டுமா? அதோடு இந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் எட்டுப் பங்காளிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எல்லாம் தானாக நிற்கிற சாமானாக இருந்தாக வேண்டும்.

நல்லவேளை, செட்டிநாட்டு வீட்டில் மெத்தைக்குப் பஞ்சமில்லை. அப்பத்தா கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தைகள் சாமான் அறையில் அடுக்கிக் கிடந்தன. கேட்டதும் கொடுக்கவில்லை. "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா எதுல படுப்பாங்க?" என்றார். எந்தச் சம்பந்தி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் பக்கம் ஒரு பார்வை மட்டும் பார்த்தார். ஒரு வாரம் கழித்து எட்டு மெத்தை தந்தார். வெயிலில் போட்டு, சுருட்டி, சணல் கட்டி, நான்கு மூலையிலும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினேன். பேஸ் மூலையில்தான் சேரும். அங்கே எவ்வளவு தடிமனாகப் பஞ்சு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பக்கச் சுவருக்கு மதுரையில் வாங்கிய இரண்டங்குல ராக்வூல் (பாறை இழை) பலகையை மரச்சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்திச் சாய்த்து வைத்தேன். எங்கே சாய்ப்பது என்று பார்க்கத்தான் அப்பத்தா உதவினார். நான் மேசையில் உட்கார்ந்துகொள்ள, அவர் கைக்கண்ணாடியைச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். என் கண்ணுக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில்தான் ஒலியும் சுவரில் பட்டு என் பக்கம் திரும்பும்; அங்கே பலகை. நடுவில் அவர் நின்றுவிட்டார். என்ன என்று பார்த்தால், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தோட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

இவ்வளவு செய்தும் 57 முழுக்க ஒழியவில்லை. ஒழியாது. பஞ்சு போன்ற பொருள் ஓர் அலையை நன்றாக விழுங்க வேண்டுமென்றால் அலை நீளத்தில் கால் பங்காவது தடிமன் வேண்டும். இங்கே அது ஐந்தடி. அறையில் மெத்தையை வைத்துவிட்டு நான் வளவில்தான் உட்கார வேண்டும். ஆனால் முன்பு ஒரு கிக் அடித்தால் அடுத்த கிக் வரும்வரை தொங்கிக்கொண்டிருந்த முழக்கம் பாதியாகக் குறைந்தது. மிச்சத்துக்கு மேசை மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: '57 — காதை நம்பாதே, ஹெட்ஃபோனில் பார்.'

ஹெட்ஃபோனையும் முழுக்க நம்பக்கூடாது என்பது வேறு கதை. அப்பத்தா எட்டரைக்குப் படுத்துவிடுவார். அதற்குப் பிறகு ஒன்று ஹெட்ஃபோன், அல்லது ஸ்பீக்கரை முணுமுணுக்கவிட வேண்டும். இரண்டுமே என்னை ஏமாற்றின. சத்தம் குறையக் குறைய மனிதக் காதுக்கு பேஸ் அதிகமாகக் குறைந்து கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வளைகோடுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். முணுமுணுக்கும் ஸ்பீக்கரில் பேஸ் போதவில்லை என்று நான் ஏற்றியது, கிளப்பின் சத்தத்தில் இரட்டிப்பாகத் தெரிந்தது. அறையின் பொய்யும் காதின் பொய்யும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன! ஹெட்ஃபோனில் வேறு வகை. அதில் அறையே இல்லை, ஆகவே எல்லாம் வறட்சியாகத் தெரியும், ரிவர்பை (செயற்கை எதிரொலி) ஊற்றுவோம். கிளப்புக்கு அதன் சொந்த எதிரொலி இருக்கிறது. அதன் மேல் நம்முடையதும் சேர்ந்தால் சேறு.

இப்போது வேலையைப் பிரித்துவிட்டேன். ராத்திரியில் மெட்டு, அடுக்கு, வெட்டு ஒட்டு மட்டும். கிக்குக்கும் பேஸுக்கும் அளவு வைப்பது ஞாயிறு காலையில், அப்பத்தா கோயிலுக்குப் போகிற ஒன்றரை மணி நேரத்தில், போன் செயலியில் 80 டெசிபல் காட்டுகிற அளவுக்கு வைத்து. போன் மீட்டர் துல்லியம் இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே சத்தத்தில் கேட்கிறோம் என்பதற்கு அது போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரெஃபரன்ஸ் டிராக்கையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன். கிளப்பில் நன்றாக ஒலித்ததைக் காதாரக் கேட்ட டிராக்காக அது இருக்க வேண்டும். அது மாஸ்டர் ஆனது (வெளியீட்டுக்காகக் கடைசி மெருகு ஏற்றியது), ஆகவே சத்தமாக இருக்கும். ஆறேழு டெசிபல் இறக்கி என் மிக்ஸோடு சமப்படுத்திய பிறகுதான் ஒப்பிடுவேன். இல்லாவிட்டால் சத்தமானதெல்லாம் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

நாயனம் ஏன் காணாமல் போனது என்பது தனி வழக்கு. அது சிந்தசைசரில் செய்த ஒலி. அகலமாகக் கேட்க வேண்டுமென்று ஒரு பிளக்-இன்னைப் போட்டேன். அது வலது பக்கத்து அலையைத் தலைகீழாக்கி இடதோடு கலந்து அகலத்தை உண்டாக்குகிற வகை. ஹெட்ஃபோனில் காதுக்கு இரண்டு முழம் வெளியே கேட்டது, எனக்கு ஒரே பெருமை. பெரும்பாலான கிளப்புகளில் ஸ்பீக்கர்களுக்கு மோனோவாக, அதாவது இடதையும் வலதையும் ஒன்றாகக் கலந்துதான் கொடுப்பார்கள். மூலைக்கு மூலை நிற்கிறவர்களுக்கு ஒரே பாட்டுக் கேட்க வேண்டுமே. இடதும் வலதும் ஒன்று சேர்ந்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பிக்கொண்டு சமதரையாகிவிடும். என் நாயனம் அப்படித்தான் போனது. இப்போது மாஸ்டர் சேனலில் ஒரு மோனோ பொத்தான் நிரந்தரமாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்துவேன். அழுத்தியதும் ஏதாவது ஒரு ஒலி ஒளிந்துகொண்டால் அதை அப்போதே பிடித்துவிடுவேன். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ, பேச்சே கிடையாது. அகலம் வேண்டுமென்றால் கைத்தட்டல், ஜால்ரா, மேலே மினுக்குகிற சங்கதிகளுக்கு மட்டும்.

ஆனாலும் எனக்கு உண்மையாகக் கற்றுக்கொடுத்தவர் மைக்செட் அண்ணன்தான். காரைக்குடியில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டுகிறவர். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஸ்பீக்கர் பாக்ஸ்களையெல்லாம் குடோனில் அடுக்கி ஓட்டிப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு, பென்டிரைவோடு போய் நின்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அது வழக்கம்.

முதலில் அவர் பாக்ஸில் போடவில்லை. கூரையில் தொங்கிய குழாய் ஒலிபெருக்கியில் போட்டார்.

"பாட்டு எங்க ஆச்சி? டிக்கு டிக்குனு தாளம் மட்டும் வருது."

"பேஸ் இருக்குண்ணே. குழாயில கேக்காது."

"தவிலு இருக்குல்ல? அதுல தொப்பி அடிக்கிறதும் பேஸ்தான? அது குழாயில கேக்குதே, எப்படி?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, அந்த டிராக்குக்காகவே நான் பதிவு செய்திருந்த தவில் ஒலியை அனலைசரில் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. தொப்பியில் கழி விழுந்தால் அடி நாதத்தோடு, அதற்கு மேலே நூறிலும் இருநூறிலும் நானூறிலும் வரிசையாக மேல்நாதங்கள் கிளம்புகின்றன. குழாய் அடி நாதத்தைத் தராது. ஆனால் மேலே உள்ளவற்றை வைத்துக் காது அடியை ஊகித்துக்கொள்கிறது. என் பேஸ் சுத்தமான சைன் அலை. 58இல் ஒரே ஒரு கோடு, மேலே சூனியம். சாச்சுரேஷன் போட்டுக் கொஞ்சம் கரகரப்பு ஏற்றினேன். 116, 174, 232 என்று மேல்நாதங்கள் முளைத்தன. இது குழாய்க்காக மட்டும் செய்கிற வேலை இல்லை. கிளப்பிலும் சப் (மிகத் தாழ்ந்த பேஸ்) கேட்காத பொந்துகள் இருக்கும். பார் கவுண்ட்டர் பக்கம் நிற்கிறவனுக்கும் பேஸ்லைன் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். போன் ஸ்பீக்கரில் கேட்கிறவனுக்கும் அதேதான்.

பிறகு பாக்ஸில் போட்டார். பதினெட்டு இஞ்ச் பேஸ் பாக்ஸ் நாலு, மேலே மற்ற ஸ்தாயிக்கு டாப் பாக்ஸ். அரை நிமிடம் கேட்டவர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். "உங்க பாட்டுக்கு மட்டும் சிவப்பு லைட்டு எரியுது. சத்தமும் வரல. கரண்டு எங்க போகுது?" போனது எங்கே என்றால், 20–25 ஹெர்ட்ஸில் கிடந்த குப்பையில். தவிலைப் பதிவு செய்தபோது தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறிய அதிர்வு. காதுக்குக் கேட்காது, ஸ்பீக்கருக்கும் ஒழுங்காகப் பாடத் தெரியாது, ஆனால் ஆம்ப் அதற்கும் படியளக்க வேண்டும். அன்றிலிருந்து தவிலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கிக்கும் பேஸும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தேவையைப் பார்த்து 100, 150. மொத்த மிக்ஸுக்கு 30க்குக் கீழே மெல்லிய வெட்டு. வெட்டிய ஃபைலை மறுநாள் கொண்டுபோனேன். அதே குமிழ், அதே இடம்; சிவப்பு எரியவில்லை, சத்தம் கூடியிருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அதே தவில் பதிவில் இன்னொரு பேயும் இருந்தது: 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். வீட்டில் பழைய வயரிங், அறைக்கு எர்த் கிடையாது. 50இல் ஓயாத முனகல், 58இல் என் பேஸ். இரண்டும் உரசி வினாடிக்கு எட்டுத் தடவை 'வவ்வவ்வ' என்று துடித்தது. அதை நான் ஏதோ பிளக்-இன்னின் குணம் என்று நினைத்து ரசித்திருக்கிறேன்! எலக்ட்ரீசியன் கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இழுத்துக் கொடுத்தார். இரைச்சல் அடங்கியது. தவிலையும் திரும்பப் பதிவு செய்தேன். இசைக் கருவிக்குச் செலவழிக்கும் முன் எர்த்துக்குச் செலவழியுங்கள். மேசை அறையில் இருக்கும் இரும்பு பீரோவைத் தொட்டால் கையில் விறுவிறுவென்று ஏறினால், சொல்லவே வேண்டாம்.

கிக்கும் பேஸும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க நான் செய்வது இதுதான். டிராக் நிமிடத்துக்கு 124 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 484 மில்லிசெகண்ட். என் பேஸ் இரண்டு தட்டுக்கு நடுவில், 242இல் விழுகிறது. ஆகவே கிக்கின் வால் இருநூறைத் தாண்டக்கூடாது. முன்பு அது நானூறு வரை நீண்டிருந்தது. அறையே முழங்கிக்கொண்டிருந்ததால் வால் எங்கே முடிகிறது என்று காதுக்குத் தெரியவில்லை. அலை வடிவத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்துத்தான் நறுக்கினேன். மிச்சம் மீதி உரசலுக்கு சைட்செயின்: கிக் விழும்போதெல்லாம் பேஸ் சற்றுக் குனிந்து வழிவிடும். நாலைந்து டெசிபல் குனிந்தால் போதும். நான் முதலில் பன்னிரண்டு குனியவிட்டு, பாட்டே மூச்சிரைக்கிற மாதிரி ஆக்கியிருந்தேன்.

சத்த அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சராசரிச் சத்த அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) சமப்படுத்துகிறது என்பதைப் படித்துவிட்டுக் கிளப் டிராக்கையும் அங்கே நிறுத்தினால் மற்ற டிராக்குகளுக்கு நடுவில் சவலைப் பிள்ளையாக நிற்கும். நேர் எதிராக, மைனஸ் 5 வரை நசுக்கினால் கிக்கின் முனை மழுங்கிவிடும். வீட்டில் பலசாலியாகத் தெரியும். பெரிய ஸ்பீக்கரில் தட்டையாக, இடிக்காமல் தள்ளும். நான் இப்போது மைனஸ் 8 பக்கம் நிறுத்திக்கொள்கிறேன்.

ஃபைல் விஷயத்தில் அந்த முதல் ராத்திரியே ஒரு மானக்கேடு நடந்தது. ஏற்றுமதி செய்யும்போது 32-பிட் ஃப்ளோட் என்ற ஃபைல் வடிவில் விட்டுவிட்டேன், கிளப் பிளேயர் அதை எடுக்கவில்லை. நண்பன் அவசர அவசரமாக லேப்டாப்பில் மாற்றித்தான் போட்டான். 24-பிட் வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ், பென்டிரைவ் ஃபேட்32. இதை மாற்றாதீர்கள். முன்னாலும் பின்னாலும் 32 பார் (ஒரு பார் நாலு தட்டு) வெறும் தாளமாக விடுங்கள், டிஜே கலக்க இடம் வேண்டும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளப்புகளில் பதினைந்து நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை வைத்தது. குடோனில் நான் நின்ற இடம் அதற்கு மேலே இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தும் காதில் ரீங்காரம். அண்ணன் முப்பது வருடமாகப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். நான் பெங்களூர் போகும்போது பிளக் எடுத்துப் போகிறேன். கிளப்புக்குப் போய்வந்த மறுநாள் ஈக்யூவில் கை வைப்பதில்லை.

போன மாதம் புதிய மிக்ஸை நண்பனுக்கு அனுப்பினேன். நான் போகவில்லை, வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். ராத்திரி ஒரு மணிக்கு போன் வந்தது. பூத்துக்குள்ளிருந்தே பேசினான். போனில் கேட்டது வெறும் கொரகொரப்பு, பாட்டா மழையா என்றுகூடத் தெரியவில்லை.

"லோ எங்கடா வச்சிருக்க?" என்றேன்.

"பன்னெண்டுலதான். தொடவே இல்ல. நாயனம் சும்மா கிழிக்குது." கொஞ்சம் இழுத்தான். "ஆனா ஹை-யப் பத்து மணிக்கு இறக்கிட்டேன். ஹை-ஹாட் காதுல ஊசியா குத்துது."

காலையில் அறையில் நின்று கை தட்டினேன். 'டிங்' இல்லை, 'டப்' என்று செத்து விழுந்தது. எட்டு மெத்தை, நாலு ராக்வூல் பலகை, போதாதென்று தரை முழுக்க நான் விரித்த இரண்டு ஜமுக்காளம். பஞ்சும் துணியும் பேஸை விழுங்கத் திணறும், மேல் ஸ்தாயியை மட்டும் வாரி வாரி விழுங்கும். அறை மந்தமாகிவிட்டது, நான் ஹை-ஹாட்டை (டிரம்மின் ஜால்ராத் தட்டு) ஏற்றியிருக்கிறேன். ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டினேன். அடியில் சிவப்பும் மஞ்சளுமாக ஆத்தங்குடிக் கல் தெரிந்தது. மறுபடி தட்டினேன். லேசாக ஒரு வால். அப்பத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதக் கொண்டாத்தா, வத்தல் காயப் போடணும்" என்றார். கொடுத்துவிட்டு வந்து ஹை-ஹாட்டை இரண்டரை டெசிபல் இறக்கினேன்.